மனு கொடுத்தால் போன் கிடைக்கும்

திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது டீக்கடையின் பட்டர் பிஸ்கட் ஜாடி. பிஸ்கட்டுகளுக்கு நடுவே, பாலிதீன் கவரில் சுற்றப்பட்ட ஒரு செல்போன் செங்குத்தாக நின்றிருந்தது. நான் பார்க்கும்போதே அது அதிர்ந்தது. கூடவே பிஸ்கட்டுகளும் அதிர்ந்தன. கண்ணாடி கடகடவென்றது.

"இன்னா அண்ணி, பிஸ்கட்டுக்குக் குளிர் ஜுரமா?" என்று கேட்டார் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

"ரைட்டரம்மா போனுங்க அது. மனு குடுத்தாத்தான் வெளிய வரும். நீங்க டீயக் குடிங்க" என்றார் கடைக்காரப் பெண். வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்துபோகும் எல்லோருக்கும் அவர் அண்ணிதான்.

போனுக்குச் சொந்தக்காரர் இருபதடி தள்ளி, வேப்பமரத்தடியில், மடக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யாருக்கோ முதியோர் உதவித்தொகை மனு எழுதிக்கொண்டிருந்தார். ஜாடி கடகடத்தபோது அவருடைய பேனா நின்றது. தலை நிமிரவில்லை. ஐந்து விநாடி கழித்துப் பேனா மறுபடி நகர்ந்தது. முந்தைய திங்கட்கிழமையாக இருந்திருந்தால் அது நகர்ந்திருக்காது.

அப்போது நான் ஒரு நாளிதழின் மாவட்டச் செய்தியாளன். திங்கள்தோறும் மக்கள் குறைதீர்வு நாளுக்குப் போவேன். மாவட்டத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் மனுக்களோடு வருவார்கள். எழுதத் தெரியாதவர்களும், தெரிந்தும் அதிகாரிக்கு எப்படி எழுதுவது என்று தயங்குகிறவர்களும் வாசலுக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதுபவர்களைத் தேடிப் போவார்கள். எட்டுப் பேர் மேசை போட்டிருந்தாலும் வரிசை நின்றது இந்த அம்மாவிடம் மட்டும்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். கொண்டையில் ஒரு நீலப் பேனா, ஒரு பென்சில். மேசையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல், கார்பன் தாள் கட்டு, தண்ணீர் பாட்டில்.

மற்றவர்கள் முதலில் கதையைக் கேட்பார்கள், பிறகு எழுதுவார்கள். இவர் கேட்கக் கேட்கவே எழுதுவார். கண் வந்தவர் முகத்தில் இருக்கும், கை தாளில் தானாக ஓடும். வந்தவர் "அந்தப் பாவி முள்ளக் கொண்டாந்து நடு ரோட்ல போட்டுட்டான்" என்பார். தாளில் "மேற்படி நபர் பொதுவழியில் முள்வேலி அமைத்துள்ளார்" என்று விழும். வசவெல்லாம் காதுக்கும் கைக்கும் நடுவே எங்கோ உதிர்ந்துவிடும்.

"அது எப்படிம்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காதுல உழுறது கைல வந்துடும் சார். நடுவுல நான் இல்ல" என்றார்.

அவரிடம் சில சட்டங்கள் இருந்தன. அழுகை இரண்டு வரிக்கு மேல் கூடாது. "கண்ணீர் ஜாஸ்தியானா அதிகாரி பக்கத்தத் திருப்பிடுவாரு. கம்மியா இருந்தா நின்னு படிப்பாரு." திட்டிக்கொண்டே வருபவர்களுக்கு இன்னொரு சட்டம்: "மொதல்ல திட்டி முடிச்சுடு, அப்புறம் எழுதலாம்." பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார். ஒருவர் தன் தம்பியைக் கால் மணி நேரம் வாய் ஓயாமல் திட்டினார். முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும்மா, மனு வாணாம்" என்று எழுந்து பஸ் ஏறிப் போய்விட்டார்.

போன் வந்தது ரைட்டரம்மாவின் மகளால். சென்னைக்கு வேலைக்குப் போன பெண், முகம் பார்த்துப் பேசலாம் என்று வாங்கிக் கொடுத்தாள். முதல் இரண்டு வாரம் அதில் மகள் மட்டும் வந்தாள். பிறகு சமையல் வந்தது. பிறகு ராசிபலன், கோலம், யார் வீட்டிலோ நடக்கும் மாமியார் மருமகள் சண்டை. போன் தண்ணீர் பாட்டிலில் சாய்ந்து நிற்கும். ஒரு காது வந்தவருக்கு, ஒரு காது போனுக்கு.

ஒரு திங்கட்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை. பத்து மணியிலிருந்து பதினொன்று வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்தொரு முறை போனைக் கையில் எடுத்தார். போய்ச் சொன்னேன்.

"தப்பா எண்ணிட்டீங்க சார். ஒரே வாட்டிதான் எடுத்தேன். வெச்சாத்தானே மறுபடி எடுக்க?"

அதற்கு அடுத்த வாரம் குறைதீர்வுக் கூட்டத்தில் ஓர் அதிகாரி மனு ஒன்றை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "எங்கள் தெருவில் மூன்று மாதமாக விளக்கு எரியவில்லை. பெண்களும் குழந்தைகளும் இருட்டில் நடமாட அஞ்சுகிறார்கள். வெங்காயம் பொன்னிறமாகும் வரை வதக்கவும். ஆகவே ஐயா அவர்கள்..." அரங்கமே சிரித்தது. மனு கொண்டுவந்தவரும் சிரித்தார். அந்த வாரமே விளக்கு எரிந்தது. நான் பெயர் போடாமல் நான்கு வரிப் பெட்டிச் செய்தி எழுதினேன். மறு வாரம் போனபோது அதை வெட்டி மேசையில் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார்.

"பேரு போடலையே சார். போட்டிருந்தா கல்யாண சமையல் ஆர்டர் வந்திருக்கும்."

எல்லோரும் சிரித்துவிட்டதால் யாரும் கவலைப்படவில்லை. அவரும்தான்.

அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் வந்தது அதே நாட்களில். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் பெங்களூருவில் கட்டட வேலை. வீட்டிலிருந்த ஒரே போனும் அவரோடு போயிருந்தது. ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை போட்டிருந்தார். நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். நிலத்துக்குப் போகும் வண்டிப் பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். ஆள் வரப்பில் நடந்து போகலாம். காய் பிரிக்கிற மெஷின் போக முடியாது. இரண்டு மாதத்தில் பிடுங்க வேண்டும். தாமதமாகி மழையும் சேர்ந்துகொண்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அதற்குள் பாதை திறக்க வேண்டும். பாதையின் சர்வே எண் அவருக்கு மனப்பாடம்: நூற்றுப் பன்னிரண்டு பை மூன்று.

மனு போனது. மூன்று வாரத்தில் பதிலும் வந்தது. அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "சர்வே எண் 112/7 குட்டை எனப் பதிவேட்டில் உள்ளது. நேரில் தணிக்கை செய்ததில் ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை" என்றது கடிதம்.

"யக்கா, நான் குட்டையக் கேட்டனா? வழியத்தான கேட்டேன்?"

ரைட்டரம்மா கார்பன் பிரதியைத் தேடி எடுத்தார். வண்டிப்பாதை, சர்வே எண் 112/7. அவருடைய கையெழுத்து. ஸ்கேல் வைத்து அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

"அந்த ஆளு தனக்கு வந்த காப்பிய ஜெராக்ஸ் எடுத்து ஊரெல்லாம் காட்டினு இருக்கான்கா. ஆக்கிரமிப்பு இல்லைனு கவர்மெண்டே சொல்லிடுச்சாம்."

ரைட்டரம்மா பிரதியில் இருந்த ஏழின் மேல் விரலை வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார். "அன்னிக்கு ராசிபலன் ஓடினு இருந்துச்சு. இந்த வாரம் அதிர்ஷ்ட எண் ஏழுன்னான்."

"யாரு ராசிக்கு?"

"என் ராசிக்கு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் கத்தவும் இல்லை. "இன்னும் அஞ்சு வாரம்தான்கா இருக்குது" என்றார். பக்கத்து மேசைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு போனைச் சுட்டிக்காட்டி, "மறுபடி நீயே எழுது. ஆனா அது இங்க இருக்கக் கூடாது" என்றார்.

ரைட்டரம்மா எழுந்து போனோடு டீக்கடைக்குப் போனார்.

"அண்ணி, இத எங்கயாச்சும் வை. நான் கேட்டாலும் குடுக்காத."

"எங்க வெக்கறது, பால்லயா?" அண்ணி சுற்றிலும் பார்த்தார். கடையில் மூடி உள்ள பொருள் பிஸ்கட் ஜாடி ஒன்றுதான். "சரி, குடுக்காதன்னா? நாளைக்கு நெஜமாவே அவசரம் வந்தா?"

ரைட்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "மனு எழுதிக் குடுக்கறேன். காரணம் சரியா இருந்தா குடு."

அன்று இரண்டாவது மனுவை எழுதி, அந்தப் பெண்ணுக்கு மூன்று முறை படித்துக் காட்டினார். சர்வேயர் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும் என்பதால் தன் நம்பரையே போட்டார்.

ஜாடிக்கு வந்த மனுக்களில் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். முறை தவறாது. அனுப்புநர்: மனு எழுதுபவர், வேப்பமரத்தடி. பெறுநர்: உயர்திரு அண்ணி அவர்கள், டீக்கடை. பொருள்: செல்போன் பத்து நிமிடம் வழங்கக் கோருதல் சார்பாக. அண்ணிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் டீ குடிக்க வந்தவர் கையில் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். விசாரணை அங்கேயே நடக்கும்.

"'நாட்டு நடப்பு அறிய வேண்டி'னு போட்டிருக்குது அண்ணி."

"நாடு சாயங்காலம் வரைக்கும் இருக்கும். தள்ளுபடி."

"'மணி எத்தனை என அறிய.'"

"பதினொண்ணேகால்னு சொல்லு. தள்ளுபடி."

தள்ளுபடி ஆன மனுவின் மேல் டீ கிளாஸை வைத்து எடுப்பார். பழுப்பு நிறத்தில் வட்டமாக முத்திரை விழும். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு ஏழு மனு. மேசையில் போன் இருந்த இடத்துக்குக் கை தானாகப் போகும், ஸ்கேல் அகப்படும், எடுத்ததற்கு ஒரு கோடு போட்டு வைப்பார். வெள்ளிக்கிழமைக்குள் அவரிடமிருந்த வெள்ளைத் தாள் அத்தனையிலும் இடது ஓரத்தில் கோடு விழுந்திருந்தது. மிஞ்சியதைப் பக்கத்து மேசைகளுக்குக் கொடுத்தார்.

இரண்டாவது வாரம் நிலைமை மாறியது. யாருக்கும் தோன்றாத ஒரு ஓட்டை அந்த ஏற்பாட்டில் இருந்தது. மனு எழுதுவதில் இவரை மிஞ்ச ஆள் இல்லை. "எனது ஒரே மகள் பெருநகரில் தனித்து வாழ்கிறாள். அவள் முகம் காணாத நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை" என்று ஒரு மனு வந்தது. சரியாக இரண்டு வரி. படித்த ஆட்டோக்காரர் இரண்டாவது வரியை மறுபடி படித்தார். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜாடியைத் திறந்தார். ஐந்து நிமிடம் கழித்து மரத்தடியிலிருந்து ஒரு மாமியாரின் கத்தல் கேட்டது.

அண்ணி கரண்டியோடு போய் நின்றார். "உன் பொண்ணுக்குக் கல்யாணமே ஆவலையேடி! மாமியார் எங்கேர்ந்து வந்தா?"

போன் ஜாடிக்குத் திரும்பியது. அண்ணி அங்கேயே சட்டத்தைத் திருத்தினார். "இனிமே எழுதக் கூடாது. எதுக்கு வேணும்னு வாயால சொல்லு."

இது ரைட்டரம்மா எதிர்பாராதது. இருபது வருடமாக அடுத்தவர் குறையைத் தாளில் ஓட விட்டவர், தன் குறையைச் சொல்ல ஜாடிக்கு முன்னால் வந்து நின்று வாயைத் திறப்பார், மூடுவார்.

"வேணும் அண்ணி."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா இருக்கறதுக்குப் போன் எதுக்கு? சும்மாவே இரு."

ஒரு நாள் உச்சி வெயிலில், வரிசை தீர்ந்த பிறகு வந்தார். நான் பெஞ்சில் இருந்தேன். ஜாடியைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துப் பேசினார். "காலைலேர்ந்து பதினாலு பேரு அண்ணி. ஒருத்திக்குப் புருசன் செத்துட்டான், ஒருத்தனுக்கு வீடு எரிஞ்சிடுச்சு. அத்தினியும் காதுல நிக்குது. எதாச்சும் ஒண்ணு மேல ஊத்தினா அடங்குமானு பாக்கறேன்."

அண்ணி ஜாடி மூடியைத் தொடவில்லை. இஞ்சி தட்டிப் போட்டு ஒரு டீ கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு ரைட்டரம்மா மரத்தடிக்குப் போனார். அன்று அவர் மறுபடி கேட்கவில்லை. மறுநாள் கேட்டார். தள்ளுபடி.

சர்வேயர் வெள்ளிக்கிழமை வருவதாக அடி அண்ணாமலைக்குத் தபால் வந்திருந்தது. பிடுங்குவதற்குப் பத்து நாள்கூட இல்லை. வியாழக்கிழமை காலை, வேறு செய்திக்காக நான் வந்திருந்தபோது, ஜாடி மூன்று முறை தொடர்ந்து அதிர்ந்தது. நான்காவது முறை அண்ணியே எடுத்துக் காதில் வைத்தார்.

"யாருங்க? அவங்க போன் என்கிட்ட இருக்குது. மனு குடுத்தாத்தான் கெடைக்கும்... ஆமாங்க, மனு... எனக்குத்தாங்க... நானா? டீக்கடை."

 கூப்பிட்டவர் சர்வேயர். அவருக்கு மனுக்கள் புதிதில்லை, ஆனால் இது புதிது. பிறகு அவர் சொன்னது எனக்கே கேட்டது. நாளைக்குப் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டார்கள். அதனால் இன்றே பதினொன்றரைக்கு வருகிறார். மனுதாரர் நிலத்தில் இல்லாவிட்டால் அப்படியே எழுதி மனுவை முடித்துவிடுவார்.

அண்ணி அடுப்பில் இருந்த பாலை விட்டுவிட்டு ஓடினார். பின்னால் பால் பொங்கி வழிந்தது.

"ஏ ரைட்டரு, இந்தா!"

"நான் கேக்கவே இல்லையே அண்ணி?"

"பேசித் தொலைடி, சர்வேயரு!"

ஒரு நிமிடம்தான் பேசினார். மணி பத்து ஐம்பது. அந்தப் பெண்ணிடம் போன் இல்லை. தகவல் சொல்ல ஆள்தான் போக வேண்டும். நான் வண்டியை எடுத்தேன். அவர் ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்தார்.

கைக்குப் போன் வந்துவிட்டது. மனு இல்லை, அண்ணி இல்லை, வழி அரை மணி நேரம். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். திரை எரிந்துகொண்டிருந்தது. கட்டை விரல் ஒருமுறை மேலே போனது. கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குத் தடுப்புக் கம்பிகள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். லாரிக்காக நின்றோம். பின்னாலிருந்து அவர் கை என் தோளுக்கு மேல் வந்தது.

"சார், இத உங்க சட்டப் பைல போடுங்க. நம்பரு மறந்துடும் போலக்குது."

வாங்கிப் போட்டுக்கொண்டேன். மீதி வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒரே முணுமுணுப்பு: "நூத்திப் பன்னெண்டு பை மூணு. நூத்திப் பன்னெண்டு பை மூணு."

அந்தப் பெண் நிலத்திலேயே இருந்தார். செய்தியைக் கேட்டதும் கையில் இருந்த செடியைக் கீழே போடாமலே வரப்பில் ஓடி வந்தார். வேரில் காய் திரண்டு தொங்கியது. சர்வேயர் வந்து அளவுச் சங்கிலியை இறக்கும்போதே பக்கத்து நிலத்துக்காரரும் வந்துவிட்டார், ஜெராக்ஸோடு.

"இத மொதல்ல பாருங்க சார். கவர்மெண்ட் பேப்பரு. ஆக்கிரமிப்பு இல்லைனு கிளியரா போட்டிருக்குது."

சர்வேயர் வாங்கிப் படித்தார். "இது குட்டைங்க."

"ஆமா சார். ஆக்கிரமிப்பு இல்ல."

"குட்டைல இல்ல, சரி. இப்ப வழியப் பாக்கலாமா?" அவர் ரைட்டரம்மா பக்கம் திரும்பினார். "நம்பர் என்ன எழுதியிருக்கீங்க?"

சொன்னார். தாளைப் பார்க்காமல்.

"நீதான அன்னிக்குக் குட்டை நம்பர எழுதுன?" என்று நிலத்துக்காரர் பாய்ந்தார்.

"நான்தான். அது தப்பு. இது சரி."

அதன் பிறகு அவர் திட்டிய திட்டுகளை அச்சில் தர முடியாது. ரைட்டரம்மா கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோது, "முடிச்சுட்டியா?" என்று மட்டும் கேட்டார். இதற்குள் சர்வேயரின் ஆட்கள் முனையில் முதல் கல்லை நட்டிருந்தார்கள். வேலி பாதைக்குள் ஏழு அடி வந்திருந்தது. முள்ளை அந்தப் பெண்ணே அரிவாளால் இழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மெஷின் அந்த வழியாக உள்ளே போனது.

வியாழன் மாலையிலிருந்து எனக்குப் பௌர்ணமி வேலை. போனைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். அவர் மகளிடம் அண்ணியின் போனில் பேசிக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார். அவராகக் கேட்கட்டும் என்று நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் என்னிடம் போனைக் கேட்டபோது மணி பதினொன்றரை.